கூப்பிட்டால் வராத ராஜபாளையம் நாய்: திமிரா, காதா?

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடியில், சொந்த வீட்டில் இருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவர், ஆறு வயது மகள், மாமனார், அப்புறம் இரண்டு வயது ராஜபாளையம் ஆண் நாய். நாயின் பெயரை மாற்றி வீரா என்று வைத்துக்கொள்வோம். மாமனார் ராஜபாளையம் பக்கத்துக்காரர். அவருடைய நெடுநாள் ஆசைக்காக, தெரிந்தவர் ஒருவரிடமிருந்து 45 நாள் குட்டியாக வாங்கி வந்திருக்கிறார்கள். ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். "ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்" என்று பெருமையோடு எழுதியிருக்கிறார்.

வீரா கூப்பிட்டால் வருவதில்லை. "திமிர் பிடித்த இனம், அப்படித்தான் இருக்கும்" என்று நாயைக் கொடுத்தவர் சொல்லிவிட்டார். மூன்று வாரத்துக்கு முன், மதியம் தூங்கிக்கொண்டிருந்தவனின் முதுகை மாமனார் பாசமாகத் தடவப்போக, சட்டென்று திரும்பி அவருடைய மணிக்கட்டில் பல்லைப் பதித்துவிட்டான். லேசாக ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். செய்தி எப்படியோ வெளியே போய், குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டு, 30 நாளுக்குள் நாயை வெளியேற்ற வேண்டும், அதுவரை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டது. "மத்திய அரசு தடை செய்த இனம்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். கணவர், சொந்தக்காரர் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்கிறார். கொடுத்தவரோ, "ஒரு தடவை கிராஸிங் விட்டால் அடங்கிவிடுவான், இந்த வம்சமும் அழியக் கூடாது" என்று தன்னிடமுள்ள பெண் நாயோடு சேர்க்கக் கேட்கிறார். அந்தப் பெண் நாய், வீராவின் தாய் முந்தைய ஈற்றில் போட்ட குட்டி.

வீராவுக்குக் குணம் கெட்டுவிட்டதா, சங்கம் சொன்னால் வெளியேற்றத்தான் வேண்டுமா, கிராஸிங்குக்கு விட்டால் சரியாகுமா. இந்த மூன்றும் அவருடைய கேள்விகள். கடைசியில் ஒரு வரி: "எனக்கு நாய் வளர்க்கத் தெரியவில்லையோ என்று இருக்கிறது டாக்டர்."

சகோதரி,

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவற்றுக்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீராவுக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் விவரங்கள் எல்லாம் அந்தப் பக்கமே கை காட்டுகின்றன.

தீபாவளி அன்று எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்க, வீரா ஹாலில் காலை நீட்டித் தூங்கினான், "வேட்டை நாய், பயமே கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். குக்கர் விசிலுக்கும் காலிங் பெல்லுக்கும் அசைவதில்லை, ஆனால் கிரில் கதவு வழியாக ஆள் தெரிந்தால் குரைக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, சாப்பாட்டுத் தட்டைத் தூக்கினால் பாய்ந்து வருகிறான். வெளியே போயிருந்த நீங்கள் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, பையை வைக்கும் வரை படுத்தே கிடக்கிறான், அப்புறம் திடீரென்று எழுந்து உங்கள் மேல் குதிக்கிறான். உங்கள் வாசனை அவன் மூக்குக்கு எட்டும் நேரம் அதுவாக இருக்கலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் அறைக்குள் போனால் விடாமல் குரைக்கிறான். வீட்டுக்குள் உங்கள் காலைவிட்டு நகர்வதே இல்லை. காது கேட்காத நாய் தன் மனிதர்களைக் கண்ணில் வைத்துக்கொண்டுதான் நிம்மதியாக இருக்கும். இருட்டில் அந்த ஒரு பிடியும் போய்விடுகிறது.

ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று திமிர், ஒன்று வீரம், ஒன்று அளவுக்கு மீறிய பாசம். ஆனால் இவை எல்லாவற்றையும் சேர்த்து விளக்கக்கூடிய காரணம் காது ஒன்றுதான்.

இரண்டு வருடமாக யாருக்கும் தெரியாமலா போகும் என்று கேட்பீர்கள். போகும். ராஜபாளையம் பார்வையால் வேட்டையாடும் இனம். கண்ணால் உலகைப் படிப்பதில் கெட்டிக்காரன். நீங்கள் பெல்ட்டை எடுக்கப் போகும் கையைப் பார்த்தே வாசலுக்கு ஓடுவான். குட்டியாக இருந்தபோது கூடப் பிறந்தவை ஓடும் பக்கம் தானும் ஓடியிருப்பான். தடுப்பூசிக்கு வந்து போகிற சில நிமிடங்களில் எங்களைப் போன்ற மருத்துவர்களும் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவது உண்டு.

வெள்ளை நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்

உடம்புக்கு நிறம் தருகிற நிறமிச் செல்கள் தோலில் மட்டும் இருப்பவை இல்லை. உள்காதில், ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் நுண்ணிய முடிச் செல்களைச் சுற்றியிருக்கும் திரவத்தின் உப்புச் சமநிலையைக் காப்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. முழு வெள்ளைக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனங்களில், சில குட்டிகளுக்கு அந்தச் செல்கள் உள்காதுக்குப் போய்ச் சேருவதே இல்லை. பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள் முடிச் செல்கள் அழிந்துவிடுகின்றன. டால்மேஷியன், வெள்ளை புல் டெரியர், டோகோ அர்ஜென்டினோ எல்லாவற்றிலும் இதே கதைதான். நீங்கள் 45 நாள் குட்டியாக வீராவைத் தூக்கி வந்தபோது, நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். நீங்கள் கொடுத்த உணவோ, போட்ட ஊசியோ, அடித்த அடியோ காரணம் இல்லை. (எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்பது நாய் வளர்ப்பு மற்றும் விற்பனைக்கான 2017 விதி. உங்களுக்கு விற்றவர் அதையும் மீறியிருக்கிறார்.)

எல்லா ராஜபாளையத்துக்கும் இப்படி ஆவதில்லை. நன்றாகக் காது கேட்கிறவை நிறைய இருக்கின்றன. ஒரு காது மட்டும் கேட்கிறவையும் இருக்கின்றன. இவை சத்தம் வந்தால் தலையைத் தூக்கும், ஆனால் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரியாமல் முழிக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். வீரா நன்றாகத் தூங்கும்போது, அவன் பார்வைக்கும் மின்விசிறிக் காற்றுக்கும் அப்பால், அடுத்த அறையில் நின்றுகொள்ளுங்கள். சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். எவர்சில்வர் தட்டைக் கையில் பிடித்துக் கரண்டியால் தட்டுங்கள். கீழே போட்டுவிடக் கூடாது, தரை அதிர்ந்தால் அவன் வயிற்றுக்குத் தெரிந்துவிடும். கைதட்டுவதும் வேண்டாம், கிட்டத்தில் நின்றால் காற்று அடிக்கும். செல்போனில் நாய் குரைக்கும் சத்தம், விசில், குழந்தை அழும் சத்தம் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். காது ஆடுகிறதா, கண் இமை அசைகிறதா என்று உங்கள் கணவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வெவ்வேறு நாட்களில் செய்து பார்த்துவிட்டு அந்த வீடியோக்களோடு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். முதலில் காதுக்குள் சீழ், அழுக்கு, சதை வளர்ச்சி எதுவும் இல்லை என்று பார்த்துவிடுவார்கள். அது இருந்தால் மருந்து உண்டு. முடிவான பதில் தருவது பேயர் சோதனை. தலையில் மெல்லிய ஊசி மின்முனைகளை வைத்து, ஒவ்வொரு காதிலும் 'டிக் டிக்' ஒலியைக் கொடுத்து, மூளைத்தண்டு பதில் தருகிறதா என்று கணினியில் பார்ப்பது. எங்கே செய்யலாம் என்று அங்கேயே கேளுங்கள்.

பிறவிச் செவிடு என்றால் அதற்கு மருந்து கிடையாது. யாராவது எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொன்னால் ஊற்றாதீர்கள். இல்லாத காதுப் புண்ணை அது கொண்டுவந்துவிடும்.

அந்தக் கடி

இப்போது அந்த மதியத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஆழ்ந்த தூக்கம். வருகிறவரின் காலடி தெரியாது, "டேய் வீரா" என்று கூப்பிட்டதும் தெரியாது. திடீரென்று முதுகில் ஒரு கை. எந்த உயிரும் திடுக்கிட்டுத் திரும்பும், நாய்க்கு முதலில் திரும்புவது வாய். ஒரு கடியோடு விட்டுவிட்டான், அப்புறம் கட்டிலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். தாக்க நினைக்கிற நாய் அப்படிச் செய்யாது. காது கேட்காததால் ஒரு நாய்க்கு மூர்க்கம் வந்துவிடாது. திடுக்கிடல்தான் ஆபத்து, அதைக் குறைக்க வழி இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் வீட்டார் செய்தது தவறு, அதை மென்று விழுங்காமல் சொல்கிறேன். "தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே" என்று மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கக் கூடாது. எந்த நாய்க்கடியானாலும், சிறு கீறலானாலும், உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் கூடாது. அப்படியே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். ஊசியை ஆரம்பித்துவிட்டு நாயைப் பத்து நாள் கவனிப்பதுதான் முறை. நாய் நன்றாக இருந்தால் மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். ரேபிஸ் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை என்பதால் இதில் யூகத்துக்கே இடம் கொடுக்கக் கூடாது.

உங்கள் மாமனார் விஷயத்தில் கவலைப்பட வேண்டாம். மூன்று வாரம் ஆகிவிட்டது, வீரா நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடிக்கொண்டிருக்கிறான். கடித்த அன்று அவன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இருந்திருந்தால் இதற்குள் நோய் வந்து இறந்திருப்பான். காயம் ஆறிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், டெட்டனஸ் ஊசி போட்டு வெகு நாளாகிவிட்டால் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி வீட்டில் என்ன மாற்ற வேண்டும்

வீராவின் படுக்கையை ஹால் நடுவிலிருந்து, யாரும் தாண்டிப் போகாத ஒரு மூலைக்கு மாற்றுங்கள். அங்கே படுத்திருக்கும்போது யாரும் தொடக் கூடாது. உங்கள் மகளுக்கு இது விளையாட்டு விதி மாதிரி மனதில் பதிய வேண்டும். தூங்கும்போது தொடக் கூடாது, பின்னாலிருந்து கட்டிப்பிடிக்கக் கூடாது, எழுப்ப வேண்டுமானால் அப்பா அம்மாவைக் கூப்பிட வேண்டும். அவள் வீராவோடு தனியாக இருக்கிற நேரமே இருக்கக் கூடாது, கதவைத் திறந்து வைத்திருந்தாலும் சரி.

எழுப்பவும் ஒரு முறை இருக்கிறது. மூக்குக்குச் சற்றுத் தள்ளி உங்கள் கையை நீட்டிக் காத்திருங்கள். வாசனையிலேயே பெரும்பாலும் கண் திறப்பான். திறக்காவிட்டால் படுக்கையின் ஓரத்தை மெல்ல அழுத்துங்கள். கண் திறந்ததும் ஒரு துண்டு கோழிக்கறி. அப்புறம் விழித்திருக்கும்போது பயிற்சி: தோளில் ஒரே இடத்தில் லேசாகத் தொட வேண்டும், தொட்ட நொடியே வாயில் தீனி. முதலில் அவன் பார்க்கும்படி, அப்புறம் பார்க்காதபோது, கடைசியில் அரைத் தூக்கத்தில். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் 'தொடுகிறார்கள் என்றால் நல்லது வருகிறது' என்று அவன் உடம்பே கற்றுக்கொள்ளும். இதை மாமனார் கையாலேயே செய்ய வையுங்கள். அவருக்கும் பயம் போகும், அவர்மேல் வீராவுக்கு இருக்கும் தயக்கமும் போகும். நாயை ஆசைப்பட்டு வாங்கியவர் இப்போது அவன் பக்கமே போவதில்லை என்று நீங்கள் எழுதியது எனக்கு மனதைக் கஷ்டப்படுத்தியது.

கட்டளைகளைக் கையால் சொல்லுங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் சபாஷ், உள்ளங்கையைக் காட்டினால் நில், கையை நெஞ்சுப் பக்கம் இழுத்தால் வா. எந்த சைகை என்பது முக்கியமில்லை, வீட்டில் நான்கு பேரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம், அவன் தானாகத் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் தீனி கொடுப்பது. கூப்பிட முடியாத நாய், அடிக்கடி திரும்பிப் பார்க்கும் நாயாக இருந்தால் உங்களுக்குப் பாதி வேலை குறையும்.

இரவுக் குரைப்புக்கு, ஹாலில் ஒரு சிறு விளக்கை எரிய விடுங்கள். முடிந்தால் உங்கள் அறைக்குள்ளேயே அவன் படுக்கையைப் போடுங்கள். அக்கம்பக்கத்தாரின் புகாரில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன்.

வெளியே போகும்போது ஒரு நொடிகூட லீஷைக் கழற்றக் கூடாது. பார்க்கிங்கில் ஒரு பூனை ஓடினால் இந்த இனத்தின் கால்கள் யோசிக்காது, பின்னால் வரும் கார் ஹாரன் அவனுக்குக் கேட்கவும் கேட்காது. கழுத்துப் பட்டையைவிட மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸ் நல்லது. அதில் "காது கேட்காது, தொடாதீர்கள்" என்று பெரிய எழுத்தில் தைத்துவிடுங்கள். ஓடவிட வேண்டுமானால் நான்கு பக்கமும் சுவர் உள்ள இடத்தில், வெயில் ஏறுவதற்கு முன். நிறமி இல்லாத மூக்கும் காது ஓரமும் சென்னை வெயிலில் சீக்கிரம் வெந்துவிடும். ஷாக் காலர் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். திடுக்கிடும் நாயை இன்னும் திடுக்கிட வைத்து என்ன பயன்?

சங்கத்தின் தீர்மானம்

சட்ட விஷயத்தில் முடிவான வார்த்தையை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வளர்ப்பு நாய் வைத்திருக்கும் யாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இது. சங்கங்களுக்காக இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் வளர்ப்புப் பிராணிகளைத் தடை செய்ய முடியாது என்கின்றன. நாயின் அளவையோ குரைப்பதையோ காரணம் காட்டி வெளியேற்றச் சொல்லவும், லிஃப்டை மறுக்கவும் கூடாது என்றும் அவை சொல்கின்றன. உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ(ஜி) பிரிவும் சொல்கிறது. ஆகவே 30 நாள் கெடுவைப் பார்த்துப் பதறி எதையும் செய்யாதீர்கள்.

"மத்திய அரசு தடை செய்த இனம்" என்று சொன்னவர் குழப்பிக்கொண்டிருக்கிறார். 2024 மார்ச்சில் வந்த சுற்றறிக்கை 23 இனங்களைப் பட்டியலிட்டது. அதில் ராஜபாளையம் இல்லை. டோகோ அர்ஜென்டினோ இருந்தது. அதுவும் பெரிய உருவம், வெள்ளை நிறம், ஒருவேளை அதையும் இதையும் ஒன்றாக நினைத்திருப்பார். அந்தச் சுற்றறிக்கையையும் அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

அதே நேரத்தில், அடுத்தவர் பயத்தை நீங்கள் தள்ளிவிட முடியாது. நாயால் மனிதர்களுக்கு ஆபத்து வராமல் போதிய கவனம் எடுக்காவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. வீரா கடிப்பான் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். "எனக்குத் தெரியாது" என்று இனிச் சொல்ல முடியாது.

மாநகராட்சி உரிமம் பற்றிக் கடிதத்தில் எதுவும் இல்லை. இல்லையென்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். சென்னையில் அது கட்டாயம், ரேபிஸ் தடுப்பூசிச் சான்றும் மைக்ரோசிப்பும் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அப்புறம் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சண்டைக் கடிதம் வேண்டாம். கடி நடந்தது உண்மை, அது வீட்டுக்குள் நடந்தது, காரணம் இதுவாக இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், சோதனை செய்கிறோம் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உரிமம், தடுப்பூசிச் சான்று நகல்களை இணையுங்கள். லிஃப்டில் வேறு ஆள் இருந்தால் ஏற மாட்டோம், எப்போதும் குட்டை லீஷில் பெரியவர் ஒருவர் கையில்தான் இருப்பான், கழிவை நாங்களே எடுப்போம் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். சட்டப்படி அவ்வளவு இறங்கிவர வேண்டியதில்லைதான். ஆனால் இதே படிக்கட்டில் இன்னும் பத்து வருடம் இவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் தண்ணீரை நிறுத்துவேன், லிஃப்டைப் பூட்டுவேன் என்று வந்தால் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள்.

கிராஸிங்

இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. வேண்டாம்.

இணை சேர்ந்தால் நாய் அடங்கும் என்பது காலங்காலமாகச் சொல்லிவரும் பேச்சு. திடுக்கிட்டுக் கடிப்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதோடு, பெண் நாயின் வாசனைக்குப் பழகிய ஆண் இன்னும் அலையும்.

வம்சம் அழியக் கூடாது என்ற பேச்சு உங்களைத் தொட்டிருக்கிறது, புரிகிறது. ராஜபாளையத்தின் மேல் எனக்கும் பெரிய மதிப்பு உண்டு. 2005-இல் நம் தபால் துறை நாய்களுக்காக வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையத்துடையது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் நம் நாட்டு நாய் இனங்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தபோது, முதலில் பதிவான மூன்றில் இதுவும் சிப்பிப்பாறையும் இருந்தன. மூன்றாவது கர்நாடகத்து முதோல். இப்படிப்பட்ட இனத்துக்கு, காது கேட்காத ஆண் நாயை அதன் தாய் வழிச் சகோதரியோடு சேர்த்துப் பிறக்கும் குட்டிகளால் என்ன நன்மை? நெருங்கிய ரத்த உறவுக்குள் சேர்ப்பதால்தான் இந்த மாதிரிக் குறைகள் கூடிக்கொண்டே போகின்றன. ஒரு காது கேட்காத நாயைக்கூட இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது என்பது வெள்ளை இனங்களை வளர்க்கும் பொறுப்பான ஆட்கள் பின்பற்றும் நெறி. புள்ளி விழுந்த குட்டிகளை மட்டம் என்று ஒதுக்கி, முழு வெள்ளைக்கு மட்டும் விலை வைக்கிறவர்கள் இந்தக் குறையைத் தாங்களே வளர்க்கிறார்கள்.

வீராவுக்குக் காது கேட்கவில்லை என்று உறுதியானால் அதைக் கொடுத்தவரிடம் நேராகச் சொல்லுங்கள். அவர் கையிலுள்ள தாய்க்கும், அந்தப் பெண் நாய்க்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள். கேட்பாரா என்று தெரியாது, ஆனால் இந்த இனத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி அதுதான். "அதைத் திருப்பிக் கொடுங்கள், வேறு குட்டி தருகிறேன்" என்று அவர் சொல்லக்கூடும். கொடுத்தால் வீரா கிராஸிங்குக்குத்தான் போவான்.

கருத்தடை செய்துவிடுவது நல்லது. அவசரமில்லை, அவன் வளர்ச்சி முடிந்த வயதில்தான் இருக்கிறான், வசதியான நேரத்தில் செய்யுங்கள். மயக்க மருந்து பற்றி மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கிரேஹவுண்ட் போன்ற கொழுப்பில்லாத வேட்டை நாய்களின் உடம்பிலிருந்து தயோபென்டோன் வகை மருந்து மெதுவாகத்தான் வெளியேறும், மயக்கம் தெளியத் தாமதமாகும். நம் வேட்டை இனங்களிலும் அந்த எச்சரிக்கையோடு மருந்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ராஜபாளையம் என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

தோட்டத்தில் விடுவது

உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அங்கே இடம் இருக்கிறது, சுதந்திரமாக ஓடுவான் என்று நினைக்கிறார். ஆனால் காது கேட்காத நாய்க்குத் திறந்தவெளிதான் ஆபத்தான இடம். டிராக்டர் பின்னால் வருவது தெரியாது. நான்கு தெரு நாய்கள் உறுமிக்கொண்டு வருவது தெரியாது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்குப் பக்கத்தில் முயலைத் துரத்தும்போது யார் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே நடக்கப்போவது ஓட்டம் இல்லை. ஒரு வாரம் போனால் "இது சொன்ன பேச்சு கேட்காது" என்று பகலும் இரவும் சங்கிலியில் கட்டிவிடுவார்கள். தூங்கும்போது யாராவது தொடுவார்கள், மறுபடி கடிப்பான். அந்தக் கடிக்கு அங்கே என்ன தண்டனை கிடைக்கும் என்று உங்களுக்கும் தெரியும்.

வீட்டில் மகள் இருக்கும்போது இவ்வளவு கவனத்தோடு தினமும் இருக்க முடியாது என்று நீங்களும் உங்கள் கணவரும் உண்மையாகவே நினைத்தால், அதுவும் மதிக்க வேண்டிய முடிவுதான். அப்போது குழந்தைகள் இல்லாத, காது கேட்காத நாயைப் பற்றித் தெரிந்துகொண்டு விரும்பி ஏற்கிற ஒரு வீட்டைத் தேடுங்கள். கடித்ததையும் மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். ஆனால் முதலில் மேலே சொன்ன மாற்றங்களைச் சில மாதங்கள் செய்து பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வாருங்கள். இதுவரை நீங்கள் வேறொரு நாயை வளர்ப்பதாக நினைத்துக்கொண்டு இவனை வளர்த்திருக்கிறீர்கள். நாய் வளர்க்கத் தெரியாதவர் காது, கண், தூக்கம், குரைப்பு என்று இத்தனை விவரம் கவனித்து எழுதியிருக்க மாட்டார். உங்கள் கடிதம் இல்லாமல் இந்தச் சந்தேகமே எனக்கு வந்திருக்காது.

ஒருவேளை சோதனையில் வீராவுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று வந்தால், மாமனார் தொட்ட இடத்தில் வலி இருந்திருக்கலாம் என்று பார்க்க வேண்டும். முதுகெலும்பு, இடுப்பு, தோல் மூன்றையும் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும். அந்த முடிவுகளோடு மறுபடி எழுதுங்கள். அதுவரை, தூங்கும்போது தொடக் கூடாது என்ற விதி இன்றிலிருந்தே நடக்கட்டும், காரணம் காதானாலும் சரி, வலியானாலும் சரி.